தம்பி மகன் ஓட்டும் விமானம்

மகளே ஷெர்லின்,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். உன்னை மலையாளப் பள்ளியில் சேர்த்தது நான்தான், அதனால் குறைசொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் மனதில் கிடப்பதை எழுத எனக்கு வேறு மொழி வராது. ஆகவே மெதுவாக வாசி. ஒரே மூச்சில் முடியாவிட்டால் மடித்து வைத்துவிட்டு நாளைக்கு வாசி. பெற்றவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் உன்னால் எங்களுக்குப் பெருமை என்று தொடங்குவார்கள். பெருமை இருக்கிறது, அதை ஊரிலே எல்லாரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டேன். உன்னிடம் சொல்ல மிச்சமிருப்பது அசூயை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நீ கூப்பிட்டாய். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சோற்றுப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்தாள். சித்தப்பா மகன் ஜெபின் லீவில் நெய்யாற்றின்கரை வந்திருக்கிறான் என்று அவள் சொன்னாள். நீ சிரித்துக்கொண்டு, "அவனுக்கு என்ன அம்மா, அவனுக்க அப்பன் வாங்கிக் குடுத்த றெக்கையாக்கும்" என்றாய். நான் உரக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாய். பைலட் லைசென்ஸ் கையில் வந்தும் வேலை வரவில்லை, பறக்கும் பள்ளியிலேயே புதிய பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க நிற்கச் சொல்கிறார்கள், அது உனக்கு வேண்டாம், பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு உடனே வெளிநாடு போக வேண்டும், அதற்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க முடியுமா என்று கேட்டாய். நான் முடியும் என்றே சொல்லியிருப்பேன், வாயைத் திறந்தும்விட்டேன். அம்மாதான் "அப்பா யோசிச்சு சொல்லுவாரு மக்கா" என்று சொல்லி போனை வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த றெக்கை பேச்சு இருக்கே, அது அவளுக்க பேச்சு இல்ல. ஒங்களுக்க பேச்சாக்கும்" என்றாள். அதோடு நான் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் சொன்னது உண்மை. அந்தப் பேச்சை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும், என் வாயிலிருந்துதான். உனக்கு நினைவிருக்கிறதா, ஒரு கிறிஸ்துமஸ் அன்று சித்தப்பா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீயும் ஜெபினும் அப்போது பிளஸ் ஒன். என்னவாகப் போகிறாய் என்று யாரோ கேட்க, நீ கறிக்குள்ளிருந்து கையை எடுக்காமலே "பைலட்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். ஜெபின் சிரிக்கவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஓணத்துக்குள் அவனும் பைலட் என்று சொல்லத் தொடங்கிவிட்டான். என் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்த சொல் அது என்று அன்றைக்கே எனக்குள் ஒரு கணக்கு விழுந்தது. சின்னப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆசைப்படுவது இயல்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் தம்பியைப் பற்றி எனக்கு ஏற்கெனவே இருந்ததெல்லாம் அந்தப் பையன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே வீட்டில் வளர்ந்தோம். நான் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடுவீடாக வயரிங் செய்கிறேன். அவன் நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் கடை வைத்து, கடையைப் பெரிதாக்கி, அதன் மேலே மாடியும் எடுத்தான். அந்த மாடிக்கு வயர் இழுத்தது நான். கூலி வேண்டாம் என்று சொன்னேன், அவன் பிடிவாதமாகக் கொடுத்தான். கொடுத்ததற்காகவும் அவன் மேல் எனக்குக் கோபம். கொடுக்காமல் இருந்திருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பேன். அசூயைக்கு எதைக் கொடுத்தாலும் அது தின்னும்.

பிளஸ் டூ முடிந்ததும் நீ என்னை உட்கார வைத்து ஒவ்வொரு வழியாகச் சொன்னாய். விமானக் கம்பெனிகளே நடத்தும் கேடட் பயிற்சி ஒன்று, சேர்ந்தால் வேலை கிட்டத்தட்ட உறுதி, ஆனால் நம்மைப்போன்றவர்கள் பக்கத்தில் போக முடியாத செலவு. வெளிநாட்டுப் பள்ளி ஒன்று, அங்கே சீக்கிரம் முடியும், ஆனால் திரும்பி வந்து நம் நாட்டு லைசென்ஸாக மாற்ற மறுபடி பரீட்சையும் சோதனையும். நம் நாட்டிலேயே அரசு உதவியோடு நடக்கும் பழைய பறக்கும் கிளப்புகள், கட்டணம் குறைவு, ஆனால் நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும், மழையும் மூடுபனியும் வந்தால் காத்துக் கிடக்க வேண்டும். பணமே வேண்டாத வழி விமானப்படை மட்டும். நீ அதைத்தான் முதலில் முயன்றாய். எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வுக்கு வடக்கே போய், தேறாமல் ரயிலேறி வந்தாய். பாறசாலை ஸ்டேஷனில் உன்னைக் கூட்டிக்கொண்டு வர ஸ்கூட்டரில் வந்தேன். நீ பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாய். அந்த வார ஆராதனையில் சபைப் போதகர் ஐயர் எழுந்து, நம் சபைப் பிள்ளை ஜெபின் விமானப் பயிற்சிக்கு வெளிநாடு போகிறான், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். குனிந்தபடி நான் ஜெபித்தது என்ன என்று அம்மாவிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. அவன் கண்ணாடி போட்டிருந்தான் அல்லவா, மருத்துவச் சோதனையில் அவன் கண் அவனைத் தள்ளிவிட வேண்டும் என்று ஜெபித்தேன். கண்ணாடி போட்டுச் சரியாகத் தெரிந்தால் போதும், பைலட் ஆகலாம் என்று நீதான் பிறகு ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஏன் அப்பா என்று கேட்டாய். தலைவலி என்றேன்.

அந்த ஆராதனைக்கு மறுநாள் திங்கட்கிழமையே, பிள்ளைகளை வெளிநாட்டு விமானப் பயிற்சிக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சிக்குத் திருவனந்தபுரம் போனேன். ஏசி அறை, குடிக்க ஜூஸ், வழவழப்பான தாளில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகளின் படங்கள். ஜெபின் போகும் அதே நாடு, அவனுக்கு அடுத்த குழு. ஆரியங்கோட்டில் என் பங்குக்கு இருக்கும் ரப்பர் தோட்டத்தை விற்றால் தொடங்கிவிடலாம், மீதியைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அங்கிருந்தவன். போகப் போக எங்கே பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. வரும் வழியிலேயே ஒரு புரோக்கருக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை உன் முன்னால் போட்டு, "மக்கா, நீயும் போற. தயாராகு" என்றேன். நீ குதிப்பாய் என்று நினைத்தேன். நீ ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாய். "அப்பா, நடுவுல பணம் தீந்தா என்ன செய்யும்? பாதி பைலட்டுன்னு ஒண்ணு இல்ல" என்றாய். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தம் போட்டேன். நீ சத்தம் போடவில்லை. "இது எனக்காக்குமா அப்பா, சித்தப்பாவுக்காக்குமா?" என்று மட்டும் கேட்டாய்.

பதில் இல்லாத அப்பன் என்ன செய்வான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பல நாள் உன்னோடு பேசாமல் நடந்தேன். நீ உன் வழியில் போனாய். காலையில் டியூஷன் எடுத்தாய், மற்ற நேரமெல்லாம் படித்தாய். வானிலை, திசை கண்டு போவது, வானத்துச் சட்டம், எஞ்சின், ரேடியோவில் பேசுவது என்று ஒவ்வொரு பரீட்சையாக வீட்டிலிருந்தபடியே படித்து எழுதித் தேறினாய். வானிலைத் தாள் ஒருதடவை போயிற்று, மறுபடி எழுதினாய். சீக்கிரம் பறக்கப் போக வேண்டியதுதானே என்று அம்மா கேட்டபோது நீ சொன்னது என் காதில் விழுந்தது. "பேப்பர் பாஸாகாம அங்க போனா ஏரோப்ளேன் நிக்கும் அம்மா, பணம் மட்டும் ஓடும்." அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அவமானம். அங்கே ஜெபின் நீலக் கடலுக்கு மேலே பறந்து படம் அனுப்புகிறான், என் பிள்ளை இங்கே மின்விசிறிக்குக் கீழே மேகங்களின் பெயரை மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

கிளப்பின் நுழைவுத் தேர்வில் நீ நல்ல மார்க் வாங்கிக் கட்டணத்தில் சலுகை பெற்றுப் போனாய். ரப்பரை விற்காமல், அம்மாவின் நகையோடும் ஒரு சின்னக் கடனோடும் முடிந்தது. அங்கே போன பிறகு நான் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் மரக்கடை ஒன்றில் ஸ்விட்ச்போர்டு மாற்றிக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டாய். "அப்பா, நான் ஒத்தைக்கு போயிட்டு வந்தேன். பக்கத்துல சார் இல்ல. சீட்டு காலியா இருந்து. நான்தான் ஏத்துனேன், நான்தான் இறக்குனேன்" என்றாய். உன் முதல் தனிப் பறப்பு. மனிதனுக்கு வாழ்நாளில் இப்படி ஒரு போன் எத்தனை முறை வரும்? நான் கேட்டது, "ஜெபின் எத்தன மணிக்கூர் பறந்த பெறவு ஒத்தைக்கு போனான்?" என்று. முதல்முறை தனியாகப் பறந்தவர்களை நனைக்கும் வழக்கப்படி பின்னாலே யாரோ உன் மேல் தண்ணீர் ஊற்றிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. "தெரியாது அப்பா. நான் கேக்கல" என்றாய். போனை வைத்துவிட்டாய். மரக்கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். மகள் தனியாக விமானம் ஓட்டினாள் என்று சொன்னபோதுதான் எனக்கே அது காதில் விழுந்தது. அங்கேயே பலகைகளின் மேல் உட்கார்ந்து அழுதேன். உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

ஜெபின் உனக்கு முன்னால் வேலைக்குப் போனான். அவன் யூனிபார்ம் போட்ட படத்தோடு பாறசாலை ஜங்ஷனில் சித்தப்பாவின் கூட்டாளிகள் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நான் வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன், சுற்றிப் போனால் பெட்ரோல் கூடுதல் என்று தெரிந்தும். ஒருநாள் காற்றும் மழையும் அடித்து அதன் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்துவிட்டது. பழக்கடைக்காரர் என் ஏணியைப் பார்த்துவிட்டு, "சேட்டா, தம்பிக்க மவன் தானே, ஒண்ணு கெட்டி விடணும்" என்று கூப்பிட்டார். பார்த்தும் பார்க்காததுபோலப் போக முடியவில்லை. ஏணியைச் சாய்த்து ஏறினேன். அவன் பல்லுக்கு நேரே என் முகம். அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது அவன் சின்ன வயதில் நம் வீட்டில் உன்னோடு சண்டை போட்டு அழுத முகம்தான் தெரிந்தது. ஆனாலும் சொல்கிறேன், கட்டும்போது ஒரு முடிச்சைத் தளர்த்திப் போடலாமா என்று கை யோசித்தது. இறுக்கித்தான் கட்டினேன். கீழே இறங்கும்போது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இதெல்லாம் என்னோடு முடியும் என்று நினைத்திருந்தேன். உனக்கு அது இல்லை, நீ உன் அம்மாவைப்போல என்று ஒரு நிம்மதி. "நான் கேக்கல" என்று சொன்ன பெண் அல்லவா நீ. போன ஞாயிறு பேசியது அந்தப் பெண் இல்லை. இது யாருக்காக என்று முன்னொரு நாள் நீ என்னிடம் கேட்ட கேள்வியை நான் உன்னிடம் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டாய் என்று புரிந்தது. கேட்குமுன் ஒரு காரியம் செய்தேன். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரைக்குப் போனேன். சித்தப்பா வீட்டு இன்வெர்ட்டர் சரியில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். சித்தப்பா கடையில் இருந்தார். ஜெபின் கார் நிறுத்தும் இடத்தில் லுங்கியோடு நின்றுகொண்டிருந்தான். "பெரியப்பா" என்று வந்து என் கையிலிருந்த பையை வாங்கினான். உன்னைப் பற்றி நான் கேட்க வந்தது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நீ என்ன செய்கிறாய் என்று அவனே கேட்டான். சொன்னேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "பெரியப்பா, அவள்ட்ட சொல்லுங்க. வேலை உறுதியாகாம டைப் ரேட்டிங் எடுக்கப்பிடாது. எனக்க கூட படிச்சவனுவ நாலஞ்சு பேரு எடுத்துட்டு வீட்டுல இருக்கானுவ. ஒரு கம்பெனில ஒரு பிளேன், இன்னொண்ணுல வேற பிளேன். மாசம் கொஞ்சம் போனா எடுத்தது பழசாயிடும், திரும்பவும் சோதனை, திரும்பவும் பணம். பத்திரத்தையும் வச்சுட்டு இருந்தா ஒறக்கம் வராது. அவ அங்கயே பிள்ளையளுக்கு சொல்லி குடுக்கட்டும். சம்பளமும் உண்டு, பறந்த மணிக்கூரும் கூடும். கம்பெனில எடுத்த பெறவு போகட்டும்" என்றான்.

நான் உடனே நம்பவில்லை. உன்னை முன்னேற விடாமல் செய்யத்தான் சொல்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். பார், என் புத்தி அப்படித்தான் போயிற்று. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "பெரியப்பா, நான் ஒண்ணு சொன்னா சிரிக்கப்பிடாது. எனக்கு அவளப் பாத்தா அசூயையாக்கும்" என்றான். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "அவ ஒத்தைக்கு இருந்து எல்லா பேப்பரும் பாஸானா. என்னய அப்பா ஆளு வச்சு படிப்பிச்சாரு. நான் யூனிபார்ம் போட்டு வந்த அன்னைக்கு வீட்டுக்கு வந்தவிய எல்லாரும் அப்பாவுக்காக்கும் கை குடுத்தது. நான் பக்கத்துல நிக்கேன். அவளுக்கு வேலை கிட்டும்போ எல்லாரும் அவளுக்குத்தான் கை குடுப்பாவ." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் நான் ஏணிமேல் நின்று பார்த்துப் பொருமிய இடத்தில் இருந்து அவன் நம் வீட்டுப் பக்கம் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறான். இன்வெர்ட்டரில் பேட்டரித் தண்ணீர்தான் குறைவு. ஊற்றிவிட்டு வந்தேன்.

ஆகவே என் பதில் இது. பத்திரத்தை இப்போது தர மாட்டேன். ஒரு கம்பெனி உன்னை எடுத்து, இந்த விமானத்துக்குப் பயிற்சி எடுத்து வா என்று சொல்லும் நாளில் நானும் அம்மாவும் வங்கி வாசலில் நிற்போம், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். இன்று நீ கேட்பது விமானத்துக்காக இல்லை, ஜெபினுக்காக. அவன் பிறக்காமலே இருந்திருந்தால் இந்த மாதம் இதைக் கேட்டிருப்பாயா என்று யோசித்துப் பார். கேட்டிருப்பேன் என்று உன் மனம் நேராகச் சொன்னால் என்னிடம் வந்து சண்டை போடு, நான் கேட்கிறேன். உனக்குக் கோபம் வரும். அப்பா பெரிய நியாயஸ்தன், ரப்பரை விற்க ஓடியவர் இன்று எனக்கு உபதேசம் செய்கிறார் என்பாய். சொல்லிக்கொள். ஓடியவன் என்பதால்தான் அந்தப் பாதை எங்கே போகும் என்று எனக்குத் தெரிகிறது. மலிவான வழி என்பதற்காக அது தாழ்ந்த வழி என்று நான் நினைத்தேன். நீ அப்போது நினைக்கவில்லை. அந்தப் புத்தி உன்னுடையது, நான் கொடுத்ததல்ல. நான் கொடுத்தது இந்த அசூயை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

இனி ஒரு செய்தி. நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை என்று உனக்குத் தெரியும். மும்பையில் வேலைக்குக் கூப்பிட்டபோதுகூட ரயிலில்தான் போனேன். அதைச் சொல்லிச் சொல்லியே நான் ஒரு பெருமை வளர்த்து வைத்திருக்கிறேன், ஏறினால் என் மகள் ஓட்டும் விமானத்தில்தான் ஏறுவேன் என்று. செவ்வாய்க்கிழமை நான் புறப்படும்போது சித்தப்பா கடையிலிருந்து வந்துவிட்டார். வாசலில் என்னை மறித்து நின்று, "அண்ணா, வாற மாசம் ஜெபின் ஓட்டுற பிளைட்டுல பெங்களூருக்கு போறோம். நீயும் மைனியும் வரணும்" என்றார். முன்பும் இரண்டொரு தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெருமைப் பேச்சைத்தான் எடுத்து வீசினேன். இந்தத் தடவையும் நாக்கு வரை வந்தது. ஜெபின் தன் அப்பாவுக்குப் பின்னால் நின்று, நான் வரமாட்டேன் என்று சொல்லப்போவதை ஏற்கெனவே கேட்டுவிட்டவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாறோம்" என்றேன்.

உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். என் முதல் பயணம் உன்னோடு இல்லை. உன் விமானத்தில் ஏறும்போது நான் பழகியவனாக வந்து உட்காருவேன், பெல்ட் மாட்டத் தெரியாமல் உன் பெயரைக் கெடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொள். அம்மா இப்போதே எந்தப் புடவை என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள். விமானம் தரையை விட்டு எழும்போது எனக்குள் என்ன எழும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. உன்னை நினைக்காமல் இருக்க முயல்வேன். அந்தப் பையன் ஓட்டுவதை அந்தப் பையன் ஓட்டுவதாகவே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இறங்கியதும் அவனுக்குக் கை கொடுக்க வேண்டும். அவன் அப்பாவுக்கு அல்ல, அவனுக்கு.

அப்பா